மஞ்சள் ஊற்றும் ஒன்பது ஏக்கரும்

(அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், டேட்டன் வட்டாரத் தமிழர்களின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, போன வருஷம் தலைவராக இருந்துவிட்டு இந்த வருஷம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் அவர்களே, கொலம்பஸிலிருந்தும் சின்சினாட்டியிலிருந்தும் பனியில் வண்டி ஓட்டி வந்திருக்கும் குடும்பத்தினரே, தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, பின்வரிசையில் ஓடிப் பிடித்து விளையாடும் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம். எல்லோ ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து ஓர் அம்மையார் நம் அழைப்பை ஏற்று வந்திருக்கிறார். நான் பேசுவதில் ஊர்ப் பெயரைத் தவிர ஒன்றும் அவருக்கு விளங்கப்போவதில்லை. ஆனாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறார். நம்மவர்களில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்? அவருக்கு ஒரு பலத்த கைதட்டல். எனக்குப் பொன்னாடை போர்த்திய பொருளாளருக்கும் நன்றி. அரங்கத்தின் குளிருக்கு அது மெய்யாகவே உதவுகிறது.

எல்லோ ஸ்பிரிங்ஸ் பற்றி மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, ஊருக்குப் பெயர் தந்த மஞ்சள் ஊற்று. இரண்டு, அங்குள்ள ஆன்டியாக் கல்லூரி. மூன்று, 1964-ல் கறுப்பர்களுக்கு முடி வெட்ட மறுத்த சலூன் முன்னால் நடந்த போராட்டம். செயலாளர் இருபது நிமிஷம் தந்திருக்கிறார். பார்ப்போம்.

இங்கிருந்து கிழக்கே அரை மணி நேர ஓட்டம். சுமார் 3,700 பேர். ஒகையோ சட்டப்படி 5,000 பேரைத் தொடாத ஊர் கிராமம்தான், அதனால் அது இன்றைக்கும் கிராமம். தனக்கென்று மன்றம், தனக்கென்று மின்சார விநியோகம், தனக்கென்று ஒரு வாரப் பத்திரிகை. ஊரை ஒட்டி கிளென் ஹெலன் என்று ஆயிரம் ஏக்கர் காடு. ஹ்யூ டெய்லர் பிர்ச் என்பவர் இறந்துபோன மகள் ஹெலன் நினைவாக 1929-ல் கல்லூரிக்குக் கொடுத்தது. அந்தக் காட்டுக்குள்தான் ஊற்று இருக்கிறது. தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம். விழுகிற பாறையெல்லாம் துருப்பிடித்த இரும்புச் சட்டி மாதிரி மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். ஒரு காலத்தில் நோய் தீரும் என்று நம்பி இந்தத் தண்ணீருக்காகவே ஜனங்கள் வந்து தங்கினார்கள். 1825-ல் சமதர்மச் சிந்தனையாளர் ராபர்ட் ஓவனின் கொள்கையை நம்பிச் சுமார் நூறு குடும்பங்கள் வந்து, சொத்தெல்லாம் பொது என்று ஒரு குடியேற்றம் தொடங்கின. சீக்கிரமே கலைந்துபோனது. நான் எந்த மேடை ஏறினாலும் சொல்கிற பழமொழி உங்களுக்குத் தெரியும்: ஊர் கூடித் தேர் இழு. கூடினார்கள், சரி. ஆனால் எல்லோரும் தேர்மேல் ஏறி உட்கார்ந்தால் வடத்தை யார் பிடிப்பது?

கல்லூரிக்கு வருகிறேன். 1853-ல் கல்வியாளர் ஹொரேஸ் மேன் தலைமையில் திறந்தது. அந்தக் காலத்திலேயே ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் படித்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா படித்தது அங்கேதான். நமக்கு வேண்டிய ஆள் ஒருவரும் அங்கே இருந்தார், ஆர்தர் மார்கன். நாம் குடியிருக்கிற டேட்டன் 1913 வெள்ளத்தில் மூழ்கியதே, அதற்குப் பிறகு ஐந்து அணைகள் கட்டி இந்தப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றிய பொறியாளர். அந்த வேலைக்கு ஊர் ஜனங்கள் திரட்டிக் கொடுத்த வாக்குறுதிப் பணம் 20 லட்சம் டாலருக்கு மேல். 1913-ல்! வீடு வாசல் இழந்து நின்ற ஊர். மார்கன் அப்புறம் ஆன்டியாக்கின் தலைவரானார், அணையும் மின்சாரமும் பார்த்துக்கொள்கிற அரசு அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்துக்கும் தலைவரானார், அதிபர் ரூஸ்வெல்ட்டோடு மோதிப் பதவி இழந்து எல்லோ ஸ்பிரிங்ஸுக்கே திரும்பினார். 1948-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் இந்தியா அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் அவரும் உறுப்பினர். கிராமத்துக்கென்றே பல்கலைக்கழகம் வேண்டும் என்று அந்த அறிக்கையில் வாதாடியவர் அவர். சின்னாளப்பட்டிப் பக்கம் காந்திகிராமத்தில் 1956-ல் கிராமியக் கல்வி நிலையம் வந்ததே, அது அந்தச் சிந்தனை ஓடிய தடத்தில்தான். திண்டுக்கல்காரர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள். ஆங், தெரிகிறது.

இப்போது ஒரு கதை. பட்டியலில் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

வீலிங் கான்ட் என்று ஒருவர். 1812-ல் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானுக்கு உழைத்தது போக மிச்ச நேரத்தில் விறகு வெட்டினார், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டார், ஆப்பிள் விற்றார். காசு காசாகச் சேர்த்து 900 டாலர் கொடுத்துத் தன்னைத்தானே விலைக்கு வாங்கினார். யோசித்துப் பாருங்கள், தாய்மார்களே. தன் கை காலைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டிய மனிதர்! கையில் விடுதலைச் சீட்டு வந்ததும் அவர் ஓடிப்போகவில்லை. மறுபடி விறகு, மறுபடி ஆப்பிள். மனைவி அமண்டாவையும் மீட்டார். 1860-களில் எல்லோ ஸ்பிரிங்ஸுக்கு வந்து சேர்ந்தார். இங்கேயும் சும்மா இருக்கவில்லை. நிலம் வாங்கினார், வீடு வாங்கினார், ஊரில் வசதியானவர்களில் ஒருவரானார். பக்கத்திலுள்ள வில்பர்ஃபோர்ஸ் கறுப்பர் பல்கலைக்கழகத்துக்கும் அள்ளிக் கொடுத்தார்.

1894-ல், சாகப் போகிற வருஷம், ஒன்பது ஏக்கர் நிலத்தை ஊருக்கு எழுதிவைத்தார். ஒரே நிபந்தனை. அந்த நிலத்தின் குத்தகைப் பணத்தில் ஊரிலுள்ள ஏழை விதவைகளுக்கு மாவு வாங்கிக் கொடுக்க வேண்டும். கறுப்பு விதவை, வெள்ளை விதவை என்று பத்திரத்தில் பிரிவு இல்லை. இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், யாராவது கைதட்டினால் நன்றாயிருக்கும்... நன்றி.

அந்த மாவு இன்றைக்கும் போகிறது! ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊர் ஊழியர்கள், குழாய் உடைந்தால் வந்து சரிபார்க்கிற அதே ஆட்கள், மூட்டையைத் தோளில் தூக்கி வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார்கள். அப்புறம் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. வாங்குகிறவர் ஏழையா பணக்காரரா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. வேண்டாம் என்று சொல்கிற பாட்டிகளும் குறைவு. அந்த மாவில் கேக் சுட்டுப் பேரன் பேத்திக்குக் கொடுப்பது ஒரு கௌரவம். நிலம் இப்போது கான்ட் பூங்கா. கோடையில் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள். ஊருக்குள் அவருக்கு வெண்கலச் சிலையும் உண்டு.

இங்கேதான் நான் வரவேண்டிய இடத்துக்கு வருகிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும். கான்ட் அந்த விதவைகளுக்கு ஒரு தடவை விருந்து போட்டிருந்தால் 1895-லேயே மறந்திருப்பார்கள். அவர் நிலம் கொடுத்தார். நாம் என்ன செய்கிறோம்? வருஷா வருஷம் இந்தப் பள்ளிக்கூட அரங்கத்துக்கு வாடகை கட்டுகிறோம். அடுப்பு பற்றவைக்கக் கூடாது, எட்டு மணிக்குள் காலி செய்ய வேண்டும். அதனால் பொங்கல் யார் வீட்டுக் கிச்சனிலோ பொங்கி அலுமினியத் தட்டில் மூடிக்கொண்டு வருகிறது. குலவை போட ஆள் இருக்கிறது, பானைதான் இல்லை! இந்த லட்சணத்தில் அடுத்த வருஷம் சென்னையிலிருந்து நட்சத்திரங்களை வரவழைத்துக் கலை இரவு நடத்தலாம் என்று செயற்குழுவில் பேச்சு. எனக்கும் பாட்டு பிடிக்கும். ஆனால் அந்த ராத்திரிக்கு ஆகிற செலவில் ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் வாங்க முன்பணம் கட்டலாம். திறந்த வெளியில் கல் கூட்டி அடுப்பு வைக்கலாம். தமிழ்ப் பள்ளிக்கு ஒரு கூரை போடலாம். ஓரத்தில் காய்கறி போட்டு வருகிறதை ஊர் உணவு வங்கிக்குக் கொடுக்கலாம். ஊர் கூடித் தேர் இழு என்கிறேன். நீங்களோ தேரை வாடகைக்கு எடுக்கலாமா என்கிறீர்கள்.

சலூன் போராட்டத்துக்கு நேரமில்லை. ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள், கடையும் மூடிப்போனது என்பதோடு விடுகிறேன். மாணவர்கள் யாருக்காவது விவரம் வேண்டுமென்றால் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடியுங்கள்.

நில நிதிக்கான தாள் வலது பக்க மேசையில், வடை தட்டுக்கு அடுத்து இருக்கிறது. பெயர் எழுதினால் போதும், தொகையை அப்புறம் நிரப்பலாம். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது தலைவருடையது. அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை, தலைவர் மன்னிக்க வேண்டும். நன்றி, வணக்கம்.