சோக்: குரல்வளையைத் தொடாத பிடி

[காட்சி: பெங்களூரு, அல்சூர். முதல் மாடிக் கூடத்தில் நீல நிற மேட் விரித்திருக்கிறது. இருவர் பயிற்சியில் இருக்கிறார்கள்.]

குரல்வளையை நெரிப்பது என்று தமிழில் சொல்லிப் பழகிவிட்டோம். பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலையில் முறையாகக் கற்றுத்தரப்படும் சோக், அதாவது கழுத்துப் பிடி, அதற்கு நேர் எதிரானது. குரல்வளையை அழுத்தினால் வலிக்கும், இருமல் வரும், குருத்தெலும்பு நசுங்கவும் கூடும். ஆனால் எதிராளி உடனே அடங்கிவிடமாட்டார். மூச்சுக்குழாயின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோட்டிட் தமனிகள் இரண்டும் சரியாக அடைபட்டால், ஏறத்தாழ பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும்.

[காட்சி: பின்னாலிருந்து பிடிக்கும் ரியர் நேக்கட் சோக், மெதுவாக.]

பிரேசிலில் இந்தப் பிடிக்கு 'மாத்தா லியாவ்', அதாவது சிங்கத்தைக் கொல்வது என்று பெயர். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைத் தொடரின் இறுதிப் போட்டியை ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி இதைக் கொண்டுதான் முடித்தார். முழங்கையின் உள்மடிப்பு எதிராளியின் தொண்டைக்கு நேர் முன்னே வரவேண்டும். அப்போது மேற்கைத் தசை ஒரு பக்கத்தையும் முன்கை மறுபக்கத்தையும் மூட, நடுவில் மூச்சுக்குழாய்க்கு இடம் மிஞ்சும்.

[காட்சி: மாணவரின் முழங்கை, நெருக்கத்தில்.]

இந்த மாணவர் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறார். அவருடைய கை நடுங்குகிறது, பிடிபட்டவரோ சிரித்துக்கொண்டிருக்கிறார். "தம்பி, பலத்தைக் குறை, முழங்கையைப் பார்" என்று சொல்லி, மாஸ்டர் அந்த முழங்கையை இரண்டு விரற்கடை நகர்த்தி, மறுகையைப் பிடிபட்டவரின் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்கிறார். மாணவர் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்திய மாத்திரத்தில், சிரித்துக்கொண்டிருந்தவர் அவருடைய கையில் இருமுறை தட்டிவிட்டார். கால்களால் போடும் டிரையாங்கிள் சோக்கிலும் இதே கணக்குத்தான்: ஒரு பக்கத்தைப் போடுபவரின் தொடை அடைக்கிறது, மறுபக்கத்தை அகப்பட்டவரின் சொந்தத் தோளே அடைத்துவிடுகிறது.

'ஒப்புக்கொண்டேன், விடு' என்று சொல்லும் அந்தத் தட்டலுக்குத்தான் டேப் என்று பெயர். என் கருத்தில், பிடியைக் காட்டுவதற்கு முன்பே இதைக் கற்றுத்தர வேண்டும். பல வகுப்புகளில் இது கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்படுவதைப் பார்த்து எரிச்சலடைந்திருக்கிறேன். கை இரண்டும் சிக்கியிருந்தால் காலால் மேட்டைத் தட்டலாம், வாயால் 'டேப்' என்றும் சொல்லலாம். தட்டியதை உணர்ந்த கணமே விடுவது பிடித்தவரின் பொறுப்பு. அதையும் தனியாகப் பலமுறை பழக்க வேண்டும். புதியவர்கள் முதல் சில வாரங்களுக்குப் பிடியை மெதுவாக அமைத்து, அழுத்தம் தெரியத் தொடங்கியதும் தட்டிவிட்டால் போதும்.

மயங்கும்வரை தாங்கிக் காட்டுவதைத் துணிச்சல் என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள். கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரைக்கும் போகலாம். அது அரிதுதான், ஆனாலும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. யாராவது மயங்கிவிட்டால் உடனே பிடியை விட்டு, அவரைப் படுக்க வைத்து, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சில விநாடிகளில் விழித்துவிடுவார்; விழிக்காவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் மரத்துப்போனாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள். விழித்தவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து நின்றாலும், அன்றைக்கு அவர் மறுபடி மேட்டில் இறங்கக் கூடாது.