வானத்திலிருந்து விழுந்த கவுன், வானத்திலிருந்து விழுந்த மோதிரம்

வணக்கம் மக்களே! திரையில் இரண்டு படங்கள் தெரிகின்றன, பாருங்கள். இடது பக்கம் ஒரு வெள்ளைக் கல்யாண கவுன். வலது பக்கம் ஆண்கள் போடுகிற ஒரு கல்யாண மோதிரம். இரண்டுக்கும் ஒரே ஒரு ஒற்றுமை: இரண்டும் வானத்திலிருந்து விழுந்தவை. நிஜமாகவே விழுந்தவை. எப்படி என்று சொல்கிறேன், வீடியோவை ஓட்டிவிட்டுப் போய்விடாதீர்கள்.

சர்ச்சில் கல்யாணம் நிச்சயமான தங்கைகள், மோதிரம் மாற்றப்போகிற தம்பிகள், கூடவே கடை கடையாக ஏறி இறங்கப்போகிற அம்மா அப்பாக்கள், எல்லாரும் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். விலை ஏறினால் தனித்துவம் ஏறும் என்பதை நான் நம்பவே மாட்டேன். அந்தத் துணி எங்கிருந்து வந்தது, அந்த உலோகம் எங்கிருந்து வந்தது, அது யார் கையில் இருந்தது? பார்க்கிறவர்கள் மறக்க முடியாதபடி செய்வது அதுதான்.

வரலாறு கொஞ்சம், வேகமாக. 1840 பிப்ரவரி 10. இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணிக்குக் கல்யாணம். வெள்ளை சாட்டின் கவுன், அதன்மேல் டெவன் பகுதிப் பெண்கள் கையால் பின்னிய லேஸ். இயந்திர லேஸ் வந்து அந்தப் பெண்களின் பிழைப்பு போய்க்கொண்டிருந்த நேரம் அது. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் மணப்பெண்கள் இருப்பதிலேயே நல்ல உடுப்பை, அது நீலமோ சிவப்போ பழுப்போ, உடுத்திக்கொண்டு போனார்கள். வெள்ளை அணிந்த முதல் பெண் விக்டோரியா இல்லை, ஆனால் வெள்ளையை வழக்கமாக்கியவர் அவர்தான். வரலாறு அவ்வளவுதான். கலர் கவுன் ஆசைப்படுகிற பெண்ணிடம் யாராவது “மரபை மீறாதே” என்றால், அந்த மரபுக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை என்று சொல்லுங்கள்.

இப்போது இடது பக்கப் படத்துக்கு வருவோம்.

1944 ஆகஸ்ட். இரண்டாம் உலகப் போர். ஜப்பான்மேல் குண்டு போட்டுவிட்டு ஒரு அமெரிக்க பி-29 விமானம் திரும்பிக்கொண்டிருக்கிறது. நடுவழியில் எஞ்சின் தீப்பிடிக்கிறது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் பாராசூட்டில் குதிக்கிறார்கள். விமானிக்குச் சின்னக் காயங்கள்தான். மீட்க ஆள் வரும்வரை அந்தப் பாராசூட்தான் அவருக்குத் தலையணை, அதுதான் போர்வை. போர் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது அதைச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

1947-ல் தன் காதலியிடம் கல்யாணப் பேச்சை எடுக்கிறார். எடுக்கும்போது அந்த நைலான் துணியை நீட்டி, “இதில் உன் கவுனைத் தைத்துக்கொள்” என்கிறார். ஒரு மனிதன் தன் உயிரைக் காப்பாற்றிய துணியைக் கொடுத்துக் கல்யாணம் கேட்கிறான்! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிறது.

தைத்த விதம் இன்னும் அழகு. உடம்புப் பகுதியையும் தலைநெட்டையும் உள்ளூர்த் தையல்கார அம்மா ஒருவர் தைத்தார். பாவாடைப் பகுதியை மணப்பெண் தானே எடுத்துக்கொண்டார். பாராசூட்டில் கயிறுகள் இருக்கும் இல்லையா, அவற்றை அறுத்துப் போடவில்லை. முன்பக்கக் கயிறுகளை மேலே இழுத்துச் சுருக்கினார். முன்னால் துணி கொசுவம் கொசுவமாக ஏறி உயரம் குறைந்தது. பின்னால் மிச்சமிருந்த துணி தானாகவே தரையில் நீண்டு புரண்டது. படத்தைப் பெரிதாக்குகிறேன், இந்தச் சுருக்கங்களைப் பாருங்கள்.  பாராசூட்டின் கயிறுகளை இழுத்தே கொண்டுவந்த வடிவம் இது. 1947 ஜூலையில் கல்யாணம் நடந்தது. பிற்பாடு அவர்கள் மகளும் அதே கவுனை உடுத்தினார், மருமகளும் உடுத்தினார். இன்று அது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

“எங்கள் வீட்டில் பாராசூட்டுக்கு எங்கே போவது?” என்கிறீர்களா? பீரோவைத் திறங்கள். அம்மா கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளைப் பட்டு உள்ளே இருக்கும். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் வெள்ளைப் புடவை கட்டி, தலையில் நெட் போட்டு ஆல்டருக்குப் போன அம்மாக்கள் எத்தனை பேர்! அந்தப் புடவையை வெளியே எடுங்கள். ஆனால் உடனே கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மடிப்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அந்த இடத்தை உடம்புப் பகுதிக்கு எடுக்கவே கூடாது. இறுக்கிப் பிடித்தால் கிழிந்துவிடும். புடவை மொத்தமே ஐந்தரை மீட்டர்தான். குடை மாதிரி விரிகிற பால் கவுனுக்குப் போதாது. அளவாக விரிகிற ஏ-லைனுக்குப் பெரும்பாலும் போதும். அதற்கும் மனசு வரவில்லையென்றால் கைப்பகுதிக்கோ, உள் லைனிங்குக்கோ, இடுப்புப் பட்டைக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய துணி என்றால் சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்களே என்று தயங்க வேண்டாம். 2020 ஜூலையில் பிரிட்டிஷ் இளவரசி பீட்ரைஸ், தன் பாட்டி எலிசபெத் ராணி 1960-களில் உடுத்திய கவுனைத்தான் கல்யாணத்துக்குப் போட்டார். புதிதாகக் கைகள் வைத்துத் தைத்து, அளவைச் சரிசெய்துகொண்டார். அரச குடும்பத்தில் புதுசு தைக்கக் காசா இல்லை?

கவுன் பகுதியை முடிப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். டிரையல் ரூமில் நின்று பார்த்தால் போதாது, உட்கார்ந்தும் பாருங்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்த பிறகு துணி எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் பாருங்கள். 1981-ல் டயானாவின் கவுன் ஞாபகம் இருக்கிறதா? பின்னால் தரையில் புரளும் தோகை மட்டும் 25 அடி நீளம். உலகமே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது குதிரை வண்டியிலிருந்து இறங்கினார். டஃபெட்டா துணி முழுக்கக் கசங்கிப்போயிருந்தது. சின்னக் கண்ணாடி வண்டிக்குள் அவ்வளவு துணியை மடக்கித் திணித்தால் வேறு என்ன ஆகும்? உங்களுக்கும் வீட்டிலிருந்து சர்ச் வரை கார் பயணம் இருக்கிறது. துணியைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தக் காரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாப்பிள்ளைகளே, உங்கள் முறை.

ஆண்களுக்குக் கல்யாண மோதிரம் என்பது அமெரிக்கா, பிரிட்டன் மாதிரி நாடுகளிலேயே புதிது. இங்கிலாந்து திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் சபையின், 1662-ஆம் ஆண்டு வழிபாட்டுப் புத்தகத்தில் மணமகன் மணமகளுக்கு மோதிரம் போடுவது மட்டும்தான் உண்டு. இரண்டாம் உலகப் போரில் வீட்டை விட்டுப் போன சிப்பாய்கள் மனைவியின் நினைவாக அணிய ஆரம்பித்த பிறகுதான் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது பரவியது. அதனால் ஆண்கள் மோதிரத்துக்கு “இப்படித்தான் இருக்க வேண்டும்” என்று ஒரு சட்டமும் கிடையாது. விளையாட இடம் நிறைய இருக்கிறது.

அந்த விளையாட்டில் எனக்குப் பைத்தியம் பிடிக்கவைத்தது விண்கல் மோதிரம். வலது பக்கப் படம் அதுதான்.

இந்தக் கோடுகளை உற்றுப் பாருங்கள். பாய் முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இவற்றை யாரும் செதுக்கவில்லை. சூரியக் குடும்பம் உருவான காலத்தில், ஏதோ ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் உருகிய இரும்பும் நிக்கலும் ஆறத் தொடங்கின. எவ்வளவு மெதுவாக? ஒரே ஒரு டிகிரி குறைவதற்கு நூறு ஆண்டு முதல் பத்தாயிரம் ஆண்டு வரை! அத்தனை பொறுமையாக ஆறும்போது நிக்கல் குறைவான கமசைட், நிக்கல் அதிகமான டேனைட் என்று இரண்டு வகைப் படிகங்கள் பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்று பட்டை பட்டையாக வளர்ந்தன. கல்லை அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் கழுவினால் கமசைட் சீக்கிரம் அரிக்கும், டேனைட் தாக்குப்பிடிக்கும். உள்ளே இருந்த கோலம் மேலே வந்துவிடும். 1808-ல் வியன்னாவில் இதைக் கவனித்த விட்மன்ஸ்டேட்டன் என்பவரின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். அவருக்கு நாலு வருஷம் முன்னாலேயே நேப்பிள்ஸில் தாம்சன் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்துவிட்டார். பாவம், பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கோலத்தை எந்தத் தொழிற்சாலையாலும் செய்ய முடியாது. அத்தனை லட்சம் ஆண்டு யாரால் காத்திருக்க முடியும்? கல்லை உருக்கி அச்சில் ஊற்றினாலும் கோலம் அழிந்துவிடும். அதனால் கல்லிலிருந்து மெல்லிய துண்டாக அறுத்துத்தான் மோதிரத்தில் பதிக்கிறார்கள். அறுக்கிற கோணம் மாறினால் கோலமும் மாறும். ஒரே கல்லில் இரண்டு மோதிரம் செய்தாலும் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. எகிப்தின் பழங்கால அரசர் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த கத்திகூட விண்கல் இரும்புதான். 2016-ல் எக்ஸ்-ரே ஆய்வில் உறுதிசெய்தார்கள்.

வாங்குகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். ஸ்டீல்மேல் லேசரால் கோடு போட்டு “விண்கல் டிசைன்” என்று விற்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் மோதிரத்தை மெல்லத் திருப்புங்கள். நிஜக் கல்லென்றால் ஒரு கோணத்தில் சில பட்டைகள் பளிச்சிடும், திருப்பினால் அவை மங்கி வேறு பட்டைகள் பளிச்சிடும். லேசர் கோடு அப்படி மாறி மாறி மின்னாது. எந்த விண்கல் என்று பெயரைக் கேளுங்கள். நமீபியாவின் கிபியோன் கல் ரொம்பப் பிரபலம். ஆனால் அந்த நாட்டில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, இஷ்டத்துக்கு எடுத்துப் போக முடியாது. அதனால் எப்போது, எப்படி வெளியே வந்த கல் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சுவீடனில் 1906-ல் கண்டுபிடித்த முவோனியோனலுஸ்டா கல்லும் மோதிரங்களில் வருகிறது.

இதில் ஒரு பெரிய குறை உண்டு, மறைக்க மாட்டேன். இது இரும்பு. துருப்பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். விரலைத் தொடும் உள்பக்கம் டைட்டானியமோ தங்கமோ இருக்கும்படி கேளுங்கள். நிக்கல் அலர்ஜி இருப்பவர்களுக்கு அது கட்டாயம். குளிக்கும்போது கழற்ற வேண்டும், கடலில் இறங்கும்போது கழற்ற வேண்டும், அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைக்க வேண்டும். இவ்வளவு பராமரிப்பு தாங்காது என்கிற ஆளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மற்ற உலோகங்கள்? டங்ஸ்டன் கார்பைடில் எளிதில் கீறல் விழாது, ஆனால் கல் தரையில் ஓங்கி விழுந்தால் உடையலாம். விரல் பருத்தால் அளவை மாற்றவும் முடியாது. விரல் வீங்கிச் சிக்கிக்கொண்டால் சாதாரண மோதிரவெட்டி அதில் ஏறாது, லாக்கிங் பிளையரால் (இறுக்கிப் பூட்டிக்கொள்ளும் குறடு) நெருக்கித்தான் உடைக்க வேண்டும். டைட்டானியம் போட்டிருப்பதே தெரியாத அளவு லேசு. பிளாட்டினம் கனம், நிறம் மாறாது, கீறல் விழும். தங்கத்தில் 22 கேரட் ஆண்கள் கைக்கு ரொம்ப மென்மை. தினமும் போடுவதற்கு 18 கேரட் தேவலை.

லேத் பட்டறையிலோ கரண்ட் வேலையிலோ இருக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. வேலை நேரத்தில் எந்த உலோக மோதிரமும் வேண்டாம். 2015-ல் அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன் வீட்டுச் சமையலறையில் தடுக்கி விழுந்தார். கல்யாண மோதிரம் மேசையில் மாட்டி இழுத்து, விரலே போகும் நிலைமைக்கு வந்தது. பல மணி நேர அறுவை சிகிச்சையில்தான் காப்பாற்றினார்கள். நல்ல மோதிரம் ஒன்று, வேலைக்குப் போட ரப்பர் மாதிரியான சிலிக்கோன் வளையம் ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கோன் இழுத்தால் அறுந்துவிடும், விரல் தப்பிக்கும். மனைவி கோபித்துக்கொண்டால் இந்த வீடியோவைக் காட்டுங்கள்.

கடைசியாக அளவு. காலையில் எழுந்ததும் அளக்காதீர்கள். ஏசி கடைக்குள் நுழைந்து விரல் குளிர்ந்த பிறகும் அளக்காதீர்கள். குளிரில் விரல் சுருங்கும், வெயிலில் பருக்கும். சாயங்காலம், கை சாதாரணச் சூட்டில் இருக்கும்போது அளங்கள். நாலு மில்லிமீட்டர் மெல்லிய வளையத்துக்கு எடுத்த அளவு, எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு இறுக்கும். அரை சைஸ் கூட்டிப் போட்டுப் பாருங்கள். மோதிரம் மூட்டில் கொஞ்சம் தடைபட்டு உள்ளே போக வேண்டும், கழற்றும்போதும் கொஞ்சம் அடம்பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் சைஸைக் குறையுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார், எந்த ஊரில் இருக்கிறார் என்று கமெண்டில் எழுதுங்கள். எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர் என்று நானே பதில் எழுதுகிறேன். அம்மா புடவையில் கவுன் தைத்தவர்கள் இருந்தால், எந்தப் பகுதியை எங்கே வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அதைத் தனியாகவே ஒரு வீடியோவாகப் போட ஆசை.