எனக்க வலிப்பும் கிரேக்கக் கதையும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஸ்கூல் படிக்கும்போது வலிப்பு வந்துச்சு, இப்பவும் மாத்திரை சாப்பிடுறேன், கூடவே கவிதை எழுதுறேன். குமரி மாவட்டம் தக்கலையில இருந்துகிட்டு ஹெர்குலிஸ், பெர்செபொனின்னு கிரேக்கக் கதை ஆளுங்கள வச்சு எதுக்கு எழுதுறன்னு நிறைய பேரு கேக்காங்க.

எனக்கு வலிப்பு வாறதுக்கு முன்னால ஒரு வாசம் வரும். ரப்பர் ஷீட்டு புகையில காயுமே, அதே வாசம், ஆனா பக்கத்துல அப்பிடி ஒண்ணுமே இருக்காது, மூளையில கரண்ட் தாறுமாறா ஓட ஆரம்பிச்சிருக்கும், அதான். அப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியாது. கண்ணு முழிச்சா நாக்கு கடிபட்டிருக்கும், உள்ளங்கையில யாரோ சாவிக்கொத்த திணிச்சிருப்பாங்க, சுத்தி ஒரே கூட்டம். நடுவுல போன அந்த நேரத்த நான் எப்பிடி எழுத?

பெர்செபொனி கதை அங்கதான் கை குடுத்துச்சு. பூ பறிச்சுக்கிட்டு நிக்கா, நல்ல வாசமா ஒரு நார்சிஸஸ் பூ, அதப் பிடுங்க கை நீட்டுறா, தரை பிளந்து பாதாள ராஜா ஹேடிஸ் தேர்ல வந்து அவள தூக்கிட்டுப் போயிடுறான். முதல்ல வாசம், அடுத்து காலுக்கடியில தரையே இல்ல. அப்புறம் திரும்பி வாறா, ஆனா அங்க மாதுளை விதைய தின்னுட்டதால வருஷத்துல ஒரு பங்கு கீழ போய் இருக்கணும். நான் அவள எங்க பக்கத்து பூ ஊரு தோவாளைக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்:

பிச்சி பறிக்கக் குனிஞ்சவ
நிமிரும்போது சாயங்காலம்
கூடையில பூ வாடியிருக்கு
எங்க போனன்னு எல்லாரும் கேக்காங்க

பழைய காலத்துல வலிப்புக்கு ஹெர்குலிஸ் நோய்னே ஒரு பேரு உண்டு. யூரிபிடிஸ்ங்கிற பழைய கிரேக்கக் கவிஞர் எழுதின நாடகத்துல ஹெர்குலிஸ் கண்ணு உருண்டு நுரை தள்ளி, பெண்டாட்டி பிள்ளைகள கொன்னுட்டு, தூங்கி முழிச்சா ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அந்தக் கொலைய நான் கவிதையில எடுக்கவே மாட்டேன், ஏற்கனவே எங்களப் பாத்து பயப்படுறவங்க போதும். எனக்கு வேண்டியது அவன் சிநேகிதன் தீசியஸ். தன் தீட்டு அடுத்தவனுக்கு ஒட்டிரும்னு ஹெர்குலிஸ் முகத்த மூடிக்கிட்டு இருக்கான், தீசியஸ் அதெல்லாம் பாக்காம முக்காட்ட எடுக்க வச்சு, கூடவே கூட்டிட்டுப் போறான்.

அந்தக் கிரேக்கர்களே வலிப்பு வந்தவன் குதிரை மாதிரி கத்தினா கடல் சாமி பொசைடன் கோவம், நுரை தள்ளி உதைச்சா போர் சாமி ஏரிஸ் வேலைன்னு சொன்னவங்கதான். அது தெய்வக் குத்தம் இல்ல, மூளையில உள்ள காரியம்னு பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டிஸ் பேர்ல உள்ள புஸ்தகம் சுமார் 2400 வருஷத்துக்கு முன்னாலயே அடிச்சு சொல்லியாச்சு. அதுக்கப்புறமும் எனக்கு கையில கயிறு மந்திரிச்சுக் கட்டினாங்க. நம்ம இந்து திருமணச் சட்டத்துல கல்யாணத்த ரத்து பண்ண வலிப்பும் ஒரு காரணமா இருந்துச்சு, அத எடுத்ததே 1999லதான். சரியான மருந்து கிடைச்சா 10 பேருல 7 பேரு வரைக்கும் வலிப்பு வராம இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதையும் வீட்ல பெரியவங்ககிட்ட சொல்லுங்க.

இப்போ தீசியஸ வச்சு ஒண்ணு எழுதிக்கிட்டு இருக்கேன். மார்த்தாண்டம் பஸ்ஸுல ஒருத்தி விழுறா. அவன் கூட்டத்த விலக்கி, தலைக்கு அடியில துண்ட மடிச்சு வச்சு, ஒருக்களிச்சு படுக்க வைக்கான், கையக் காலப் பிடிச்சு அமுக்கல, வாயில யாரையும் ஒண்ணும் திணிக்க விடல, வாட்ச்ச பாத்துக்கிட்டே இருக்கான், அஞ்சு நிமிஷம் தாண்டினா 108க்கு போன் போடணும்னு அவனுக்குத் தெரியும். அவ முழிச்சதும் கேள்வி ஒண்ணும் கேக்காம, அழகியமண்டபம் வந்தாச்சு மக்ளே, நான் கூட இருக்கேன்னு சொல்லுறான்.

நன்றி, வணக்கம்.