அத்துமீறலே! - எங்கள் அணியின் வாதம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் இருக்கும் ஓட்டக்காரர்களுக்கும் வணக்கம். நீண்டதூர ஓட்டப் பயிற்சியில் பெண்களின் உடலைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் பேச்சு அக்கறையா, அத்துமீறலா என்பது தலைப்பு. அத்துமீறலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "எடை குறைந்தால் வேகம் கூடும், அதை நல்ல மனதோடு சொன்னால் என்ன தப்பு? பாராட்டினால்கூடக் குற்றமா?" என்று கேட்டார். நடுவர் அவர்களே, அந்தப் பாராட்டிலிருந்தே தொடங்குகிறேன். கேலியைவிட எனக்கு அதன்மேல்தான் பயம் அதிகம்.

மாரத்தானுக்குத் தயாராகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 20 கிலோமீட்டர் ஓடினால் அந்த ஓட்டத்துக்கு மட்டுமே 1,200. அதைச் சாப்பாட்டில் ஈடுகட்டாமல் வாரக்கணக்கில் ஓடினால் உடம்பு எங்கேயாவது மிச்சம் பிடித்துத்தானே ஆக வேண்டும்? மாதவிடாயில் கைவைக்கும். நாள் தள்ளிப்போகும், அப்புறம் நின்றேகூடப் போகும். எலும்பைக் காக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு தேய்ந்த இடத்தைச் சரிசெய்ய முடியாமல் திணறும். கணுக்காலுக்கு மேலே, பாதத்தில், இடுப்பில் மயிரிழை முறிவுகள் வரும். இந்த ஆற்றல் பற்றாக்குறையைப் பற்றிச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் தனி அறிக்கையே வெளியிட்டது.

இப்போது பாருங்கள். பல பெண்கள் வெளிப்பார்வைக்கு 'அசல் ஓட்டக்காரி' மாதிரி தெரிவது இந்தக் கட்டத்தில்தான். "சூப்பரா மெலிஞ்சுட்டீங்க, இப்படியே போங்க" என்ற பாராட்டும் அப்போதுதான் வருகிறது. சொன்னவருக்கு அவள் மாதவிடாய் நின்றுபோனது தெரியாது. அவளுக்கோ அந்தப் பாராட்டு உத்தரவாகக் கேட்கிறது. அடுத்த வேளை தட்டில் சாப்பாடு இன்னும் குறைகிறது.

அமெரிக்க ஓட்டக்காரர் மேரி கெய்ன், 17 வயதிலேயே 2013 உலகத் தடகளப் போட்டிக்குத் தேர்வானவர். இன்னும் மெலிய வேண்டும் என்ற நெருக்கடியில் தனக்கு மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றதையும், ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019-இல் அவரே வெளியே சொன்னார். எடை குறைந்தால் வேகம் கூடும் என்றாரே நண்பர், மேரிக்கு இருந்த வேகமும் போயிற்று.

கேலிக்கு வருகிறேன். "இவ்வளவு ஓடியும் எடை குறையலையே?" "கால் ஆம்பளைக் கால் மாதிரி ஆயிடுச்சே." "ஓடுறப்ப எல்லாம் குலுங்குதே." சொல்கிறவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். கேட்டவள் மறுநாள் கொளுத்தும் வெயிலிலும் தொளதொளவென்று சட்டை போட்டு வருவாள். மார்பை மறைக்கத் தோளைக் குறுக்கி ஓடுவாள், மூச்சு முழுதாக இறங்காது. யார் கண்ணிலும் படாமல் ஓட விடியும் முன்பே, ஆளில்லாத சாலைக்குப் போவாள். ஒரு வாக்கியம் அவளைப் பாதுகாப்பில்லாத இடத்துக்குத் தள்ளிவிடுகிறது, நடுவர் அவர்களே!

ஆண்களையும்தான் தொப்பை என்கிறார்கள் என்றார் இன்னொரு நண்பர். சரி, அதுவும் தப்புதான். இரண்டு தப்பு சேர்ந்தால் ஒன்று நியாயமாகிவிடுமா?

அக்கறை, அக்கறை என்கிறார்களே, அந்த அக்கறையின் வரலாறு என்ன? 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். முடித்துவிட்டுக் களைத்து நின்றதைப் பத்திரிகைகள் பெரிதாக்கி, பெண் உடம்பு இதைத் தாங்காது என்று எழுதின. அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-இல். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் கிடைத்ததோ 1984-இல்தான். ஓடி முடித்தால் யாருக்கும் மூச்சு வாங்கும். ஆணுக்கு வாங்கினால் உழைப்பு, பெண்ணுக்கு வாங்கினால் பலவீனம் என்று பார்த்தவர்களும் அக்கறையோடுதான் பார்த்தார்கள். அந்த அக்கறைக்கு ஒரு தலைமுறை ஓட்டக்காரிகள் விலை கொடுத்தார்கள்.

"அப்படியென்றால் பயிற்சியாளர் உடம்பைப் பற்றிப் பேசவே கூடாதா?" என்று எதிரணித் தலைவர் கேட்பார். பேசட்டும். நன்றாகத் தூங்கினாயா, எங்கேயாவது வலிக்கிறதா, ஓடின பிறகு சாப்பிட்டாயா என்று கேட்கட்டும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று தனியாக, அவள் சம்மதத்தோடு கேட்கட்டும். அவள் சொல்ல விரும்பாவிட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லட்டும். இவை பயிற்சிக்குத் தேவையான கேள்விகள். பத்துப் பேர் நடுவில் தொடையையும் இடுப்பையும் கண்ணால் அளந்து சொல்லும் தீர்ப்பால் பயிற்சி அட்டவணையில் ஒரு வரிகூட மாறாது. எந்த வரி மாறும் என்று எதிரணித் தலைவர் தன் முறை வரும்போது சொல்லட்டும், காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.