300 பிளான் போட்டும் 94 தானா? உப்புக்காத்து செய்யுற வேலை!

[திரையில்: ஸ்பீடு டெஸ்ட் முள் 94-ல் நிற்கிறது]

காலையில டெஸ்ட் போட்டா 94. ராத்திரி போட்டாலும் 94. நீங்க காசு கட்டுறது 300 எம்பிபிஎஸ் (Mbps) இன்டர்நெட் வேகத்துக்கு. இப்படி ஆணி அடிச்ச மாதிரி ஒரே எண்ணுல நின்னா, கம்பெனிக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க. கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளதான்.

முதல்ல எல்லா போன்லயும் வைஃபையை அணைச்சிட்டு, லேப்டாப்பை லேன் கேபிள்ல ரவுட்டரோட சொருகி டெஸ்ட் போடுங்க. கேபிள்ல முழு வேகம், வைஃபையில மட்டும் கம்மின்னா, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாத்துங்க, இரும்பு பீரோவுக்குப் பின்னாடி இருக்குற ரவுட்டரை வெளிய எடுங்க. கேபிள்லயும் சாயங்காலம் மட்டும் வேகம் விழுந்தா, அது வெளி லைன்ல நெரிசல். அதுக்குப் புகார் குடுக்கலாம்.

கேபிள்லயும் எப்பவும் 94-னா? இங்கதான் சுவாரசியமே!

[திரையில்: பிளக் மிக அருகில், எட்டு பின்கள்]

லேன் கேபிளுக்குள்ள எட்டு கம்பி. 1000 எம்பிபிஎஸ் ஓட எட்டும் வேணும். 100-க்கு 1, 2, 3, 6 இந்த நாலு பின் போதும். மிச்ச நாலுல ஒண்ணு கெட்டாலும் பல ரவுட்டர்கள் சத்தமில்லாம 100-க்கு இறங்கிடும். நெட் நிக்காது, அதனால யாருக்கும் சந்தேகமே வராது. அந்த 100-லயும் தகவல் பொட்டலத்தோட முகவரி, உறைன்னு 6 போயிடும். மீதி 94!

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் சன்னல் கம்பியை உப்புக்காத்து என்ன பண்ணுதுன்னு தெரியும்ல? அதேதான் இந்தப் பின்லயும். பிளக்கை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, பச்சைக் களிம்பு தெரியும். விண்டோஸ்ல ஈதர்நெட் பக்கத்துல லிங்க் ஸ்பீடு 100/100-னு இருந்தா சந்தேகம் உறுதி. ஆனா ஒண்ணு, ரவுட்டர்ல கேபிள் சொருகுற போர்ட்டே 100 தான்னா, ரவுட்டரைத்தான் மாத்தணும்.

களிம்பைச் சுரண்டிப் பிரயோஜனமில்ல. பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் கேபிளை வெட்டி, புது பிளக்கை கிரிம்ப் பண்ணுங்க, அதாவது அதுக்கான கருவியால அழுத்திப் பொருத்துங்க. வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். முறுக்கை அரை இஞ்சுக்கு மேல பிரிக்காதீங்க. எட்டு முனையும் பிளக்கோட முன் சுவத்தைத் தொடணும்.

கம்பியை பிளேடால லேசா சுரண்டுங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு பூசின அலுமினியம். கடற்கரைக்கு ஆகவே ஆகாது, சீக்கிரம் அரிச்சிடும். முழுசும் செம்பு கேபிளா கேட்டு வாங்குங்க.

ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவுல ஒரு குட்டி கேபிள் இருந்தா, அதையும் விடாதீங்க. அது கெட்டா வீட்டு வைஃபை மொத்தமும் 94-ஐத் தாண்டாது!

ஐப்பசி மழைக்கு முன்னாடி இன்னொரு வேலை: வெளியில இருந்து வர்ற கேபிள் சுவத்து ஓட்டைக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி, ஓட்டைக்குக் கீழ ஒரு ஜாண் தொங்கி மேல ஏறுற மாதிரி விடுங்க. தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், பிளக் வரைக்கும் வராது.