காய்ச்சலுக்கு ஒரு விலாசம்

வணக்கம் நேயர்களே. திருகோணமலை மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகப் பல வருசம் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். பி.எச்.ஐ. வருகிறார் என்றதும் சனம் முதலில் செய்வது கிணற்றடி வாளியைக் கவிழ்ப்பது. சரி, வாளி கிடக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரு கேள்விக்குப் பதில்: காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தின இரண்டு கிழமையும் எங்கெங்கே இருந்தீர்கள்?

டெங்கு என்று சந்தேகம் வந்தாலே வைத்தியர் அறிவித்தல் படிவம் நிரப்ப வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை. 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கடமை அது. படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வரும், அங்கிருந்து எங்கள் கைக்கு. நாங்கள் வீட்டுக்குப் போய் விசாரித்து எழுதுவது வாரக் கணக்கில் சேர்ந்து கொழும்பில் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். எந்த மாவட்டத்தில் எந்த நோய் கூடுகிறது என்று அவர்கள் பார்ப்பது அதை வைத்துத்தான். அந்தப் பெரிய கணக்கின் அடியில் இருப்பது யாரோ சொன்ன ஒரு விலாசம்.

அந்த விலாசத்தில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். டவுனில் ஓர் ஒழுங்கை, இளைஞர் ஒருவருக்கு டெங்கு. வீட்டில் அவருடைய அக்கா. "தம்பி இங்கேதானே இருக்கிறார்?" என்று கேட்டேன். "ஓம் ஐயா, இங்கேதான்" என்றார். ஒழுங்கை முழுக்கப் புகை அடித்தோம். தொட்டி, பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் பார்த்தோம். நுளம்பின் புழுவான குடம்பி ஒன்றுகூட இல்லை. அடுத்த கிழமை தம்பலகாமத்துப் பக்கமிருந்து இன்னும் இரண்டு படிவம் வந்தது. மூவரும் ஒரே கராஜில் வேலை செய்பவர்கள். பின்பக்கம் பழைய டயர் அடுக்கு, ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர். அக்கா பொய் சொல்லவில்லை. வைத்தியசாலையால் வந்து மூன்று நாளாகத் தம்பி அங்கேதான் இருந்தார். நான் கேட்ட கேள்விதான் பிழை.

ஏன் இந்த இரண்டு கிழமைக் கணக்கு? டெங்கு நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளுக்குள் காய்ச்சல் வரும். காய்ச்சல்காரரைக் கடித்த நுளம்புக்கோ, கிருமி அதன் உடம்பில் பெருகி அடுத்தவருக்குப் போக 8 முதல் 12 நாள் வேண்டும். அந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். விலாசம் பிழைத்தால் அதுவும் போச்சு. அப்புறம், இது பகலில் கடிக்கிற நுளம்பு. ஆகவே படுத்த வீட்டை மட்டும் சொன்னால் போதாது. பள்ளிக்கூடம், கடை, கராஜ், எல்லாம் வேண்டும்.

2017ஆம் ஆண்டை இந்தப் பக்கத்துச் சனம் மறக்காது. அந்த வருசம் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு. தொடக்கத்திலேயே மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று கிண்ணியா. பள்ளிக்கூடங்களையும் மூட வேண்டி வந்தது. குப்பைக்குள் தேடுகிற பழக்கத்தில் கிணற்றை விட்டுவிடக் கூடாது. கிணற்றில் குடம்பி பார்ப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. உங்கள் நிழல் தண்ணீரில் பட்டதும் அது அடிக்கு ஓடிவிடும். ஓரமாக நின்று, அது மூச்சுக்கு மேலே வரும்வரை பொறுத்து, வாளியைச் சரித்து அள்ள வேண்டும். நம்மைப் போன்ற கரையோரத்துக்காரர் "உப்புத் தண்ணீரில் நுளம்பு வராது" என்று சொல்வதையும் விட்டுவிடலாம். யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் உவர்த் தண்ணீரிலும் டெங்கு நுளம்புக் குடம்பிகளைக் கண்டதாக 2011இல் நம் நாட்டு ஆய்வாளர்களே எழுதினார்கள்.

மலேரியாவைப் பற்றிச் சுருக்கமாக. 1934, 35இல் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோன காய்ச்சல் அது. 2012க்குப் பிறகு இந்த மண்ணில் ஒருவருக்கும் உள்ளூரில் தொற்றவில்லை என்று பார்த்து 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஆனால் போனது கிருமிதான், நுளம்பு போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் இன்றைக்கும் இரத்தம் எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

எலிக்காய்ச்சல் வேறு விதம். அந்தப் பெயரே ஆளை ஏமாற்றும். "எங்கள் வீட்டில் எலி இல்லையே" என்பார்கள். கிருமி மாடு, எருமை, நாய் இவற்றின் சிறுநீரிலும் வரும். வயல் சேற்றில் கலந்து, காலில் உள்ள சிறு கீறலால் உள்ளே போகும். பெரும்போக விதைப்பு நேரத்தில் மூதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டால், "எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான்" என்பார். விடிய எழும்பி வரம்பு கட்டப் போனது அவருக்கு ஒரு பயணமே இல்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனபோது 'மர்மக் காய்ச்சல்' என்று பேச்சு எழும்பியது. ஆய்வுகூடம் சொன்னது எலிக்காய்ச்சல். காய்ச்சலோடு வருகிறவர் வயலைப் பற்றி ஒரு சொல் சொன்னால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கடைசியாக விசர் நாய்க்கடி. கடித்த நாய் செத்துவிட்டால் தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவோம். ஒருமுறை அந்த ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே இரவு ரயிலில் போனேன். திருகோணமலையிலிருந்து பெட்டியோடு ஏறுகிறவனிடம் என்ன கேட்பார்கள்? பக்கத்து ஐயா கேட்டார், "பாரை மீனா தம்பி?" ஓம் என்று தலையாட்டிவிட்டேன். வேறென்ன சொல்ல! வழி முழுக்க விலை கேட்டுக்கொண்டே வந்தார்.

முடிவு வந்தது, நாய்க்கு விசர்தான். கடிபட்ட பையனுக்கு அதற்கு முன்பே ஊசி தொடங்கியாயிற்று. எனக்கு மிச்சமிருந்தது அந்தத் தெரு. வேறு யாரைக் கடித்தது, யாரைக் கீறியது என்று வீடு வீடாகக் கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். கடைசி வீட்டில் ஓர் அம்மா, நாய்க்குச் சோறு போடுகிறவர், கதவைச் சாத்தப் போனவர் திரும்பிக் கேட்டார்: "தம்பி, கத்தி வெட்டின கையை நக்கினது கணக்கா?"

கணக்குத்தான் அம்மா என்றேன். கொப்பியைத் திறந்து அவருடைய விலாசத்தை எழுதினேன்.