நடக்காமல் போனதைப் படித்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் அரசியல் சமூகவியல் வகுப்பின் முதல் வாரம், அரசு என்ற ஒரே சொல்லைத் தெளிவுபடுத்துவதிலேயே கழிந்துவிடும். ஆளும் கட்சிக்கும் தலைமைச் செயலகத்துக்கும் சேர்த்தே அந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பழகியவர்கள் நாம். ஆனால் ஆட்சி மாறிய மறுநாளும் வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாறுதல் மனு வாங்கப்படுகிறது. நீதிமன்ற அழைப்பாணை வீடு தேடி வருகிறது. ஆட்சிகள் வந்து போனாலும் நிலைத்து நிற்கும் இந்த அமைப்பையே எங்கள் துறை அரசு என்கிறது.

1919 ஜனவரியில் மியூனிக் நகரில் மாணவர்கள் முன் உரையாற்றிய ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், ஒரு நிலப்பரப்புக்குள் முறையான வன்முறையைப் பயன்படுத்தும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று கோரி, அக்கோரிக்கையை நிலைநாட்டிக்கொள்ளும் அமைப்பே அரசு என்று வரையறுத்தார். மாணவர்களின் கவனம் உடனே வன்முறை என்ற சொல்லுக்குப் போய்விடுகிறது. என்னைக் கேட்டால், முறையான என்ற சொல்தான் இந்த வரையறையைத் தாங்கி நிற்கிறது. ஏனெனில், ஓர் ஆணைக்குப் பணிவது தங்கள் கடமை என்று மக்கள் எப்போது, எதனால் கருதுகிறார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தப் பாடமே தொடங்குகிறது.

அடுத்த கேள்வி, அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரை ஆராய்ந்த அரசியல் அறிஞர் ராபர்ட் டால், 1961இல் வெளியிட்ட நூலில், நகரச் சீரமைப்பு, பள்ளிக் கல்வி, கட்சி வேட்பாளர் தேர்வு ஆகியவற்றில் யாருடைய விருப்பம் முடிவாக மாறியது என்று பார்த்து, எல்லாவற்றிலும் ஒரே குழு வெல்லவில்லை என்று காட்டினார். அடுத்த ஆண்டே பாக்ரக், பாரட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், விவாதத்துக்கு வந்தவற்றை மட்டும் எண்ணினால் வராமலே தடுக்கப்பட்டவற்றை எந்தக் கணக்கில் வைப்பது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு களத்தைக் கண்டவர் அமெரிக்க ஆய்வாளர் மாத்யூ கிரென்சன். இந்தியானா மாநிலத்தில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு எஃகு நகரங்களில், கிழக்கு சிகாகோ 1949லேயே காற்று மாசுக்கு எதிராக விதி இயற்றியது. ஒரே பெரும் எஃகு நிறுவனம் உருவாக்கி வளர்த்த கேரி நகரமோ 1962 வரை இயற்றவில்லை. அந்த நிறுவனம் வெளிப்படையாக எதிர்த்து நிற்கவும் இல்லை. அதன் வலிமையைப் பற்றி ஊரார் கொண்டிருந்த எண்ணமே பேச்சைத் தள்ளிப்போடப் போதுமானதாக இருந்தது.

இதைப் பாடமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலும் நினைவுக்கு வருகின்றன. 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தேர்தல் அறிவிப்பு வெளிவரும், வேட்புமனு வராது, யாரேனும் தேர்வானாலும் பதவியேற்ற கையோடு விலகிவிடுவார். தேர்தல் ஆவணத்தை மட்டும் புரட்டுகிறவருக்கு அங்கே மோதலே தென்படாது. போட்டியிட ஆளில்லை என்ற ஒரு வரிதான் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் இருந்தவை, நிலம் வைத்திருந்தவர்களையே கூலிக்கு நம்பியிருந்த குடும்பங்களின் நிலையும், மீறினால் என்ன நடக்கும் என்ற அச்சமும். அந்த அச்சத்துக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அதே மதுரை மாவட்டத்தில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பதவிக்குத் தேர்வான மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூனில் உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். இதைச் சொல்லாமல் அந்த நான்கு ஊர்களின் மௌனத்தை விளக்க முற்படுவது நேர்மையான ஆய்வாகாது என்பது என் உறுதியான கருத்து.

வேபரின் வரையறையை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். ஊராட்சிப் பதவிகளில் ஒதுக்கீடு தந்த அரசியல் சட்டத் திருத்தம் இருந்தது, 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் இருந்தது, காவல் துறையும் இருந்தது. இத்தனையும் இருந்தும், ஒரு மனிதர் அச்சமின்றி மனுவில் கையெழுத்திட்டு ஐந்தாண்டு நாற்காலியில் அமர வழிசெய்ய அரசால் முடியவில்லை. ஊரின் சொல்லுக்கும் சட்டத்தின் சொல்லுக்கும் இடையே எதை மக்கள் முறையானதாக ஏற்றார்கள், எதற்கு அஞ்சி மட்டும் பணிந்தார்கள் என்று பிரித்தறிவதே கடினமான வேலை. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய், ஒதுக்கீட்டை ஏற்க மறுத்தவர்கள், பட்டியல் சாதியினர் என இரு தரப்போடும் பேசிய பின், 2006 அக்டோபரில் தேர்தல் நடந்து முடிந்தது. இது அரசு வென்ற கதையா, ஊர் இசைந்த கதையா என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் வாதம் எழுகிறது; இரண்டும் கலந்தது என்று எளிதில் சொல்லி முடிக்க நான் மாணவர்களை விடுவதில்லை.

கிராமங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இவை புதிய செய்திகள் அல்ல. எந்தத் தெருவில் யார் செருப்பணிந்து நடக்கலாம் என்பதை அறிந்தே வளர்ந்தவர்கள் அவர்களுள் உண்டு. அவர்கள் இங்கே கற்க வேண்டியது, அறிந்ததைச் சான்றோடு நிறுவும் முறையை.

அதற்காக முதலாண்டு மாணவர்களை ஒரு கிராம சபைக் கூட்டத்துக்கு அனுப்புகிறேன். குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஏறியவற்றை எழுத வேண்டும். வலப்பக்கத்தில், ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டும் கூட்டத்தில் எவரும் எழுப்பாதவற்றை எழுத வேண்டும். இடப்பக்கம் அன்று மாலையே நிறைந்துவிடுகிறது. வலப்பக்கத்துக்காகத் தேநீர்க் கடைக்கும் நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்கும் அவர்கள் மாதக்கணக்கில் நடக்கிறார்கள்.